முதலில் யாருக்குச் சொல்லணும்

1

மஸ்கட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்கே மறந்துவிட்டது. ஆபீசில் புதிதாக வைத்திருக்கும் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்து, காலையில் திறந்தவுடன் ஒரு கேக் படத்தைக் காட்டி வாழ்த்துச் சொன்னது. பழைய கம்ப்யூட்டர் அப்படிச் செய்யாது. எதைச் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதில் நான்தான் எழுதி வைத்திருந்தேன். அது போய்விட்டது. அது போன கதையை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனசில் இருக்கிறது. நேரில் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மழை இல்லாத இரண்டு வருஷத்தில் மானாவாரிக் காட்டில் செய்ய வேலை ஒன்றும் இல்லாமல், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். அங்கேதான் ஆக்ஸஸ் என்ற மென்பொருள் பழக்கம். பெயர், ஊர், எண் என்று விவரங்களைப் பீரோவில் அறை அறையாக வைப்பது போல அதில் வைக்கலாம். கேட்டால் கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுக்கும். ஆங்கிலம் அதிகம் வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம். எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

இங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் எழுத்தர் வேலை. யாருக்கு எந்த அறை, எந்தக் கட்டில், யாருடைய விசா எப்போது முடிகிறது, எல்லாம் என் ஆக்ஸஸ் பைலில் இருந்தது. கேம்ப்பில் தமிழ் ஆட்கள் மட்டும் முந்நூறு பேருக்கு மேல்.

ஏழெட்டு மாதம் முன்பு ஒரு மத்தியானம் காதர் பாய் ஆபீசுக்குள் வந்தார். திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். கேம்ப்பின் சமையல்கட்டு அவர் பொறுப்பில்.

"ஏலே அப்பு, உன் பீரோவ இழுத்து மூடப் போறானாம்ல?"

"எந்தப் பீரோ பாய்?"

"அதான், இம்புட்டு வருசமா கட்டிக்கிட்டு அழுகுறியே, ஆக்ஸஸோ கீக்ஸஸோ. குரூப்புல போட்டிருக்கான் பாரு. இனிமே அதுல ஒரு பைலும் தொறக்காதாம். அந்தக் கம்பெனிக்காரன் கடைய மூடுறானாம்."

போனைக் காட்டினார். யாரோ யாருக்கோ அனுப்பி, பல கை மாறி வந்த செய்தி. சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை, கீழே இரண்டு ஆச்சரியக்குறி.

"பொய்யா இருக்கும் பாய்."

"பொய்யின்னா எதுக்குடா இம்புட்டுப் பெருசா போடுறான்? திண்டுக்கல்காரன் பூட்டி வச்சத எவனோ அமெரிக்காவுல இருந்துக்கிட்டு வெளிய பூட்டப் போறான். சாவியத் தேடி வச்சுக்க."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

2

ஒரு மென்பொருளுக்கு இவ்வளவு கலங்குவானா என்று நினைப்பீர்கள். அந்தப் பைலில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக, கடைசியாக ஒரு பத்தி இருந்தது. கம்பெனி கேட்டு வைத்தது இல்லை. நானாக வைத்தது. தலைப்பு, "முதலில் யாருக்குச் சொல்லணும்."

நான் வந்த இரண்டாவது வருஷம், கொடைரோடு பக்கத்து ஆள் ஒருவர் இங்கே இறந்துபோனார். தமிழ் தெரிந்தவன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். கொடுத்திருந்த எண்ணுக்கு அடித்தேன். அவருடைய மனைவி எடுத்தார். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அவர், "நீங்க யாரு?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, இறந்தவரின் அண்ணன் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். காபி குடித்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"அந்தப் புள்ள வீட்டுல ஒத்தையில இருந்துச்சுப்பா. அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கைப்புள்ள தரையில கெடந்துச்சு. எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நாலு பொம்பளைகளக் கூட்டிக்கிட்டுப் போயி, பக்கத்துல உக்கார வச்சுல்ல சொல்லியிருப்பேன்."

நம் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாவுச் செய்தியை அந்த வீட்டுக்கு நேராகச் சொல்வதில்லை. அண்ணனுக்கோ, மச்சினனுக்கோ, முக்கில் டீக்கடை வைத்திருப்பவருக்கோ சொல்கிறோம். அவர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போகிறார். முதலில் "உடம்புக்குச் சரியில்லையாம்" என்பார்கள். வந்தவர்களின் முகத்தைப் பார்த்தே வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். இதை நான் படித்து வரவில்லை, பிறந்ததிலிருந்து பார்த்தது. இருந்தும் போனைக் கையில் எடுத்தபோது மறந்துபோனேன்.

திரும்பி வந்ததும் அந்தப் பத்தியைச் சேர்த்தேன். புதிதாக வருகிற ஒவ்வொரு தமிழ் ஆளிடமும் கட்டில் எண் கொடுக்கும்போதே கேட்டுவிடுவேன். முதலில் முறைப்பார்கள். பிறகு யோசித்துச் சொல்வார்கள். ஒருவர் வீட்டு அம்மாவுக்கு இருதயக் கோளாறு, மூத்த மகள் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஒருவருக்கு அண்ணனோடு பேச்சில்லை, ஆனாலும் அண்ணனுக்குத்தான் சொல்ல வேண்டும். இன்னொருவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "எங்க ஊரு போஸ்ட்மேன்" என்றார். எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். இத்தனை வருஷத்தில் பதினொரு முறை அந்தப் பத்தியைப் பார்த்துப் போன் செய்திருக்கிறேன். பதினொரு முறையும் அந்தப் பக்கத்தில் இருந்தவர், "சரி, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

3

செய்தியைப் பார்த்த அன்று சாயங்காலம் மகளிடம் கேட்டேன். பெயர் தாரணி. இங்கேயே பிறந்து, இங்கேயே கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். கேட்டவுடன் சிரித்தாள்.

"அப்பா, இன்னுமா அத யூஸ் பண்றீங்க? அது மியூசியத்துல இருக்கணும்."

"நெசமாவே நிறுத்தப் போறாங்களா, அத மட்டும் பாத்துச் சொல்லு தாயி."

தேடினாள். அவள் விரல் போகிற வேகத்துக்கு என் கண் போகாது. அதே கம்பெனியின் வேறொரு மென்பொருளைத்தான் நிறுத்துகிறார்களாம். ஆக்ஸஸின் பழைய பதிப்புகளுக்கு இனிமேல் திருத்தம் வராதாம், அது தனிச் செய்தி. இரண்டையும் யாரோ ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள். ஆக்ஸஸ் போகவில்லை.

"அப்போ தொறக்கும்ல?"

"தொறக்கும்ப்பா. ஆனா எல்லாரும் போகும் போகும்னு சொன்னா, அப்புறம் யாரும் யூஸ் பண்ண மாட்டாங்க. அப்போ போயிரும்."

அந்தப் பத்தியைப் பற்றிச் சொன்னேன். அவள் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டு, "வொய்ஃபுக்குத்தானே ஃபர்ஸ்ட் ரைட்? அவங்கள விட்டுட்டு ஊருக்கெல்லாம் சொல்றது தப்பில்லையா?" என்றாள். அதுவும் நியாயம்தான். அடுப்பு எரிந்துகொண்டிருந்ததையும் கைப்பிள்ளை தரையில் கிடந்ததையும் நான் சொல்லியிருக்கலாம். அதை இங்கிலீஷ் கலந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை, தமிழில் சொன்னால் அவளுக்கு அது கதை மாதிரி இருக்கும். அவள் காதில் வயரை மாட்டிக்கொண்டாள்.

செய்தி பொய் என்று போட்டிருந்த பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொன்னேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஆபீஸ் போனேன். மேனேஜரிடம் கொடுப்பதுதான் எண்ணம். சொல்ல வேண்டிய இங்கிலீஷ் வாக்கியத்தைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் அவர் போனில் இருந்தார். இரண்டாம் நாள் அறையில் வேறு ஆட்கள். மூன்றாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"செல்வம், உன்னுடைய பழைய சாஃப்ட்வேர் சாகப் போகிறதாமே. தலைமை ஆபீசில் சொன்னார்கள். எல்லாவற்றையும் புதிய சிஸ்டத்துக்கு மாற்றுகிறோம்" என்றார் இங்கிலீஷில்.

"சார், ஒன் காலம்" என்று அந்தப் பத்தியைப் பற்றி ஆரம்பித்தேன். "ஃபர்ஸ்ட் டெல் பிரதர். ஆஃப்டர் டெல் வொய்ஃப்."

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை. "உங்கள் ஊரில் மனைவிக்கு இரண்டாவது இடமா?" என்று கேட்டார். அறையில் இருந்த இன்னொருவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. மடித்த தாள் பையிலேயே இருந்தது. அந்தச் சட்டையைத் துவைக்கும்போது என் மனைவி எடுத்துப் போட்டாள்.

4

மாற்றுகிற வேலைக்கு ரஞ்சித் என்ற மலையாளி வந்தார். நல்ல மனிதர். என்னைச் சேட்டா என்று கூப்பிடுவார். இரண்டு நாளில் எல்லா விவரமும் புதிய இடத்துக்குப் போய்விட்டது, அந்தப் பத்தியைத் தவிர.

"சேட்டா, கடைசியில் ஒரு பத்தி முழுக்கக் குப்பை. பைல் கெட்டுப்போயிருக்கு போல. சுத்தம் பண்ணிட்டேன்."

திரையில் காட்டினார். அரைப்புள்ளியும் சாய்கோடும் இங்கிலீஷ் எழுத்துமாகப் பக்கம் பக்கமாக இருந்தது. அது குப்பை இல்லை, தமிழ். திண்டுக்கல் மாடியில் சொல்லிக்கொடுத்த பழைய எழுத்துருவில் இத்தனை வருஷமும் அடித்து வந்திருக்கிறேன். அந்த எழுத்துரு என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் உண்டு. வேறு எதில் திறந்தாலும் இப்படித்தான் தெரியும். புதிய வகை எழுத்துக்கு மாறும்படி பலர் சொன்னார்கள். கை பழகிவிட்டது என்று நான்தான் மாறவில்லை. இதில் ரஞ்சித்தை ஒன்றும் சொல்ல முடியாது.

"இது என் பாஷை" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. தலைமை ஆபீசுக்குப் புகார் எண் போட்டுக் கேட்டார். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. புதிய படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு கட்டம்தான், அதில் மனைவி அல்லது பெற்றோர், கூடுதல் பத்தி இல்லை, கோரிக்கை முடிக்கப்பட்டது. முடிக்கப்பட்டது என்றால் செய்தாகிவிட்டது என்று நினைத்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ரஞ்சித்தான் விளக்கினார்.

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போக எட்டு நாள் இருந்தது. பைலை வெளியே எடுத்துப்போவது குற்றம் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் கையால் எழுத ஆரம்பித்தேன். வேலைக்கு நடுவே எழுதியதில், வரிசைப்படி நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் வந்தபோது மேஜையில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

புதிய சிஸ்டத்தில் யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டாம். ஆளின் நிலை என்று ஒரு கட்டம் உண்டு. வேலையில், விடுமுறையில், மருத்துவமனையில், இறப்பு. அதை மாற்றிய உடனே, அவசரத் தொடர்பு எண்ணுக்குத் தானாகவே இங்கிலீஷில் ஒரு செய்தி போய்விடும். அந்தக் கட்டத்தை மாற்றும் பொறுப்பைக் கேம்ப் எழுத்தருக்குக் கொடுத்தார்கள். அதாவது எனக்கு.

5

முருகேசன், ஊர் சித்தையன்கோட்டை. முப்பத்தைந்து வயது இருக்கும். சாரம் கட்டுகிற வேலை. ஒரு வியாழக்கிழமை காலையில் வேலைத்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பத்தரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து எனக்குத் தகவல் வந்தது.

நோட்டைப் புரட்டினேன். அவர் பெயர் வரை நான் வந்திருக்கவில்லை. பழைய பைலில் இவருக்கு என்ன எழுதினேன் என்று கண்ணை மூடி யோசித்தேன். மனைவியின் அண்ணன், பஞ்சர் கடை, ஆத்தூர் போகிற ரோடு. அவ்வளவுதான் வந்தது. பெயர் வரவில்லை, எண் வரவில்லை.

சமையல்கட்டுக்கு ஓடினேன். காதர் பாய் விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார். அப்போதே பேகம்பூரில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், வண்டிய எடு. சித்தையன்கோட்டை போ. ஆத்தூர் ரோட்டுல பஞ்சர் கடை, தங்கச்சி மாப்ள மஸ்கட்ல இருக்காரான்னு கேளு. ஆமான்னா, ஓரமாக் கூப்பிட்டுச் சொல்லு. வீட்டுக்குப் போயிராத. அந்த ஆளுகிட்ட மட்டும் சொல்லு, வெளங்குதா?"

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முக்கா மணி நேரத்துல போயிருவான். நீ அந்தக் கருமத்த அமுக்காம இரு."

அமுக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். தொடர்பு எண்ணைக் காதர் பாயின் எண்ணாக மாற்றிவிடலாமா என்று முயன்றேன். மாற்ற வேண்டுமானால் முருகேசனின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதை அடிக்க வேண்டும் என்றது. முருகேசனின் போன் முருகேசனோடு இருந்தது. ரஞ்சித்தைக் கூப்பிட்டேன். "சேட்டா, அது என் கையில் இல்லை" என்றார், அழுகிற குரலில்.

பதினொன்றே காலுக்கு மேனேஜர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நிலையை மாற்றினால்தான் மருத்துவமனைக்குக் கம்பெனியின் கடிதம் தயாராகும். கடிதம் பன்னிரண்டுக்குள் போகாவிட்டால் வெள்ளி, சனி விடுமுறை. உடல் ஊருக்குப் போகும் பேப்பர் ஞாயிறு வரை நகராது. "அந்தக் குடும்பத்துக்காகத்தான் சொல்கிறேன்" என்றார். அது உண்மை. மூன்று நாள் அவர் அங்கே கிடப்பதா, அரை மணி நேரம் முன்னால் அவர்களுக்குத் தெரிவதா? இரண்டில் எது பரவாயில்லை என்று எனக்கு இப்போதும் தெரியாது. பதினொன்று இருபது வரை வேறு ஏதோ தேடுவது போல நடித்தேன். பிறகு அழுத்தினேன். செய்தி சென்றது என்று பச்சையில் ஒரு டிக் வந்தது. மேனேஜர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆபீஸ் போன் அடித்தது. செய்தியின் கீழே கேம்ப் எண் இருந்திருக்கிறது.

"அண்ணே, சித்தையன்கோட்டையில இருந்து பேசுறேன். முருகேசன் வீட்டுக்காரி."

"சொல்லுங்கம்மா."

"என்னமோ இங்கிலீசுல மெசேஜ் வந்திருக்குண்ணே. எனக்குப் படிக்கத் தெரியல. லீவு ஓகே ஆயிருச்சா? ஆவணிக்கு வாரேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு."

இருபத்து மூன்று வருஷத்தில் எனக்குப் பேச்சுத் தைரியம் வந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"பாத்துச் சொல்றேம்மா. செத்த நேரம் இருங்க."

"அவரு போன் எடுக்க மாட்டேங்குறாரு."

"வேலைல போனு கூடாதும்மா."

"ஆமா, சாரத்துல நிப்பாரு." சிரித்தார். "பக்கத்து வீட்டுப் பொண்ணு காலேசு போயிருக்கு. வந்தாப் படிச்சுச் சொல்லும். இருந்தாலும் உங்களக் கேட்டுறலாம்னுதான்."

"சரிம்மா. வீட்ல யாரு இருக்கா?"

"நான் மட்டுந்தேன். ஏண்ணே?"

"சும்மாதான் கேட்டேன். அடுப்புல ஏதும் இருக்கா?"

"வெஞ்சனம் கொதிக்குது."

"அத அமத்திட்டு வந்து உக்காருங்கம்மா. திருப்பிக் கூப்பிடுறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. சரிண்ணே என்று வைத்துவிட்டார். நான் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பஸ் தாமதமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இங்கிலீஷ் தெரிந்த யாரும் அந்தத் தெருவில் இப்போது இருக்கக் கூடாது. என் மகளை இங்கிலீஷில் படிக்க வைத்தவன் நான்.

பன்னிரண்டு மணிக்குக் காதர் பாய் வந்தார். மச்சான் பஞ்சர் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். அண்ணன் நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாராம். தெருமுனையிலேயே சத்தம் கேட்டதாம். யார் படித்துச் சொன்னார்கள் என்று இதுவரை தெரியவில்லை.

திருப்பிக் கூப்பிடுவதாகச் சொன்னேன் அல்லவா, நான் கூப்பிடவில்லை.

6

ஆக்ஸஸ் இன்றும் இருக்கிறது. தாரணி போன வாரம்கூடத் தேடிப் பார்த்துச் சொன்னாள். அது போகப் போகிறது என்ற செய்தியும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறதாம். முருகேசனைப் பற்றி அவளிடம் சொன்னேன். இந்தத் தடவை காதில் வயர் இல்லை. என் நோட்டை வாங்கி, கிறுக்கலாக இருந்த இரண்டு எண்களைச் சரியா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்பிலிருந்து ஆட்கள் நோட்டில் பெயர் எழுத வருகிறார்கள். விஷயம் பரவியிருக்கிறது. "நம்மளயும் எழுதிக்கங்கண்ணே, எனக்கு எங்க சின்னமாமன்" என்கிறார்கள். எழுதிக்கொள்கிறேன். பொத்தானை அழுத்தினால் இந்த நோட்டைக் கேட்காமலேயே செய்தி போய்விடும் என்பதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கிற உங்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்கலாம். பக்கத்து வீட்டில் யாருக்காவது புருஷனோ மகனோ வெளிநாட்டில் இருக்கலாம். அந்த அம்மா ஒரு நாள் போனை எடுத்துக்கொண்டு வந்து, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்று நீட்டினால், வாய்விட்டுப் படித்துவிடாதீர்கள். கண்ணாடி எடுத்துவருகிறேன் என்று உள்ளே போங்கள். அவருடைய அண்ணனுக்குப் போன் போடுங்கள். நாலு பேர் வரட்டும். அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள்.